லாக்கர் கதவில் ஒட்டிய கவிதை

டெல்லி ஆஸ்பத்திரியில் என் லாக்கர் கதவின் உட்பக்கம், மாதா படத்துக்குக் கீழே, எனக்குப் பிடித்த தமிழ்க் கவிதை ஒன்றை எழுதி ஒட்டியிருக்கிறேன். தமிழ் தெரியாத சக நர்ஸ் சுனிதா தினமும் டியூட்டிக்குமுன் நான் லாக்கரைத் திறக்கும்போது அங்கே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

மாதாவைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இன்று கேட்டாள்: "தீதி, இந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம்?"

"அரே, மந்திரம் இல்ல, கவிதை!"

வீட்டில் எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, தன் காபியை ஒருநாளாவது சூடாகக் குடிக்க ஆசைப்படும் ஒருத்தியின் கவிதை என்று இந்தியில் சொன்னேன். டெல்லி வந்த பதினோரு வருடமும் வார்டில் ஆறிய டீயே குடிக்கும் நான் வேறெதை ஒட்டுவேன்?

சுனிதா சிரிக்கவில்லை. "அச்சா" என்று மறுபடி அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வார்டுக்குப் போனாள்.

அவள் போனதும் நானும் கவிதையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். எங்கள் சர்ச் ஃபாதரிடம் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.