எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள்

பையன்கள் பெண்பிள்ளைகளிடம் ஏன் வரம்பு மீறுகிறார்கள் என்று பெற்றோருக்கு விளக்க, எல்லைக்குக் கேரளாப் பக்கம் இருக்கும் என் மகனின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கவுன்சிலர் வந்தார். தனிமை, ‘வேண்டாம்’ என்பதைத் தாங்க முடியாத மனசு, கூட்டத்தோடு சேரும் ஆசை, வீட்டில் இதைப் பேச ஆளில்லாமை, இவை கூடக்கூட ஆபத்தும் கூடும் என்றார். ஒன்றிரண்டு இருப்பதாலேயே எந்தப் பிள்ளையும் கெட்டவனாகிவிட மாட்டான் என்பதையும் சொன்னார்.

“இதெல்லாம் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பயக்களாக்கும்” என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மாலையில், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சியிடம் போனில் இதைச் சொன்னேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்க ஸ்கூல்லயும் மீட்டிங் உண்டும். எல்லாம் கேரளாப் பயக்களுக்க வேலைண்ணாக்கும் இங்க பேச்சு!”

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆட்டோவில் பத்து நிமிஷம்.

பிள்ளையைப் பற்றி நிரப்பச் சொல்லி கவுன்சிலர் தந்த படிவத்தை வீட்டில் உரக்கப் படித்து டிக் போட உட்கார்ந்தேன். நண்பர்கள் இல்லையா? மறுத்தால் கோபம் வருகிறதா? மனசில் உள்ளதைச் சொல்லாமல் முறைப்பது உண்டா? எல்லாம் அச்சாகப் பொருந்தியது, என் வீட்டுக்காரருக்கு. முந்தின நாள்தான் இரண்டாவது மீன் துண்டு இல்லை என்றதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்.

“எலே, இது உனக்க அப்பனைப் பத்தி எழுதினதாக்கும்” என்றேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டுக்காரர் முறைத்தார். அதற்கும் ஒரு டிக் போட்டேன்.

கடைசிக் கேள்வி: வெட்கப்படும் விஷயத்தையும் மகன் உங்களிடம் சொல்வானா? யோசிக்காமல் ‘ஆம்’ என்று டிக் போட்டேன்.

மகனின் சிரிப்பு நின்றது. “அம்மா, அதை அழிச்சிரு.”

“ஏன் மக்கா?”

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். வகுப்புப் பையன்களின் வாட்ஸப் குரூப்பில், பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண்பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் எடுத்த படம் வந்ததாம். கீழே கேவலமான பேச்சு. இரண்டு வாரமாக அதை மனசில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான்.

“எடுத்தது யாரு?” என்றேன். அந்தப் பக்கத்துப் பையன் எவனாவது என்று சொல்லிவிட மாட்டானா என்று அப்போதும் இருந்தது.

“எடுத்தது எங்க கிளாஸ் பயதான். ஆனா எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிக்கிற பொம்மை போட்டேன்.”

வீட்டுக்காரர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாளைக்கு மூணு பேருமா டீச்சரைப் பாக்கப் போவோம். அந்தப் பிள்ளைக்கிட்ட நீ மன்னிப்பும் கேக்கணும்.”

மகன் தலையாட்டினான். பிறகு என் கையிலிருந்த படிவத்தைக் காட்டினான். “அதை அழிக்கலியா?”

“இப்ப சொல்லிட்டியேலே. அது அங்கேயே கிடக்கட்டும்.”