குத்தவச்சிட்டா

குள்ளமாகத்தான் வளருவாள் என்று மகள் பிறந்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதிலும் என் இடுப்புக்குத்தான் இருந்தாள்.

அன்று சாயங்காலம், திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாள்.

"யக்கா, ஒங்க மக பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில குத்தவச்சிட்டா. வெரசா வாங்க!"

பெண் வயதுக்கு வந்தால் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இவளுக்கெல்லாம் அது நடக்குமா என்று எத்தனை பேர் என் காதுபடப் பேசியிருக்கிறார்கள்! மாற்றுப் பாவாடையும் கைநிறைய சர்க்கரையும் எடுத்துக்கொண்டு சிரித்தபடியே ஓடினேன்.

கருவேல மரத்தடியில் அவள் நிஜமாகவே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். சர்க்கரையை ஊட்டப் போனேன். தட்டிவிட்டாள்.

"அது இல்லம்மா. நடந்தா காலு மரத்துப்போகுது. குத்தவச்சாத்தான் சரியாகும். இன்னைக்கு எந்திரிக்கவே முடியல."

"எப்ப இருந்துடீ?"

"நெதமும்தான். நீதான் சோம்பேறின்னு வைவியே."

முதுகெலும்புக்குள் நரம்பு போகும் வழி இவளைப் போன்ற பிள்ளைகளுக்குக் குறுகலாம், குத்தவைத்தால் அந்த நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்றார் மதுரை டாக்டர்.

ஆபரேஷன் ஆகி இப்போது நடக்கிறாள். "ஒங்க மக குத்தவச்சிட்டாளா?" என்று யாராவது கேட்டால், எனக்குத்தான் கால் மரத்துப்போகிறது.