வண்டியின் முதுகில் அண்ணன்

செத்துப்போன பிறகும் எங்கள் அண்ணன் எட்டு நாள் வேலைக்குப் போய்வந்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நைனாவின் மண்வாரி வண்டியின் பின்கதவில், பிளெக்ஸில் சிரித்தபடி, கால்பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தினமும் வியாசர்பாடியிலிருந்து கொருக்குப்பேட்டை கால்வாய்க்குப் போனான்.

பதினேழு வயது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். தெருப் பிள்ளைகள் முனைச் சுவரில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அது. காரியம் முடிந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா ஒரே ஒரு தடவை பார்த்தாள், மயங்கி விழுந்தாள். அதோடு அவன் படம் எதுவும் வீட்டில் வெளியே இருக்கக் கூடாது என்றாகிவிட்டது. பேரைச் சொன்னாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நைனாதான் பிளெக்ஸை அளவாக வெட்டி, வண்டியின் பின்கதவில் நாலு மூலையிலும் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார்.

வண்டி என்றால் பெரிய பொக்லைன் இல்லை. சந்துக்குள் நுழைந்து மண் வாரும் குட்டி வண்டி. நைனாவும் தாய்மாமாவும் சேர்ந்து பழசாக வாங்கியது. அதற்கு எஞ்சின் பின்பக்கம். பின்கதவு முழுக்க சல்லடை மாதிரி ஓட்டை, அதற்கு உள்ளேதான் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர்.

பிளெக்ஸ் கட்டிய அன்றே வண்டி கொதிக்க ஆரம்பித்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும், பீப் பீப் என்று கத்தும், நைனா அணைத்துவிட்டு இறங்குவார். பச்சை நிறக் கூலண்ட் பொங்கி வழிந்து கீழே ஓடும். சூடு அடங்குவதற்குள் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், அதனால் அரை மணி காத்திருக்க வேண்டும். அப்புறம் குறைந்ததை ஊற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி கொதித்து, மறுபடி இறங்கி. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை இதே கதை.

எனக்கு அப்போது பத்து வயது, காலாண்டு லீவு. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோவது என் வேலை. நான் போகும்போதெல்லாம் வண்டி நின்றுகொண்டிருக்கும். நைனா கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல், வண்டிக்குப் பின்னால், கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்திருப்பார். பத்தடி தள்ளி மர நிழல் இருந்தது. கூப்பிட்டால் வரமாட்டார்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். தாய்மாமா மூடியை மாற்றினார், பெல்ட்டை மாற்றினார். கண் பட்டுவிட்டது என்று அம்மா பூசணிக்காய் கொடுத்தனுப்பினாள். கரையில் அத்தனை பேர் வேலை செய்தார்கள், எல்லோருக்கும் கண் இருந்தது, ஒருத்தருக்கும் வாய் இல்லை.

கடைசியில் தண்டையார்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தாய்மாமாவை ஓரமாகக் கூட்டிப்போனார். நான் கேரியரோடு பின்னாலேயே நின்றேன்.

"வண்டில ஒண்ணும் இல்ல மாமு. காத்து போற வழிய அந்த பிளெக்ஸு அடைச்சிகினு கீது. அவுத்துட்டா சரியாப் பூடும்" என்றார் மெக்கானிக்.

"எனுக்கும் தெரியும்பா. அத்த எவன் அவராண்ட சொல்றது? நீ சொல்றியா?"

மெக்கானிக் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே காண்டிராக்டர் வந்தார். மழைக்கு முன்னால் தூர் வாரி முடித்தாக வேண்டும். நாளைக்கும் இப்படி நின்றால் வேறு வண்டி வரும் என்று நைனாவிடம் சொன்னார். "உன் கஷ்டம் புரியுதுப்பா, ஆனா வேல நிக்கிதே." அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க வழியில்லை, அது எனக்கே தெரியும். இத்தனை பெரியவர்கள் இருந்து என்ன, ஒருத்தருக்கும் தைரியம் இல்லையே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலை நைனா குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கட்டிங் பிளேயரை எடுத்துப்போய் நாலு கம்பியையும் முறுக்கி அவிழ்த்தேன். அண்ணனை நாலாக மடித்து என் புத்தகப் பைக்குள் வைத்தேன். முகத்தின் நடுவில் மடிப்பு விழாமல் மடிக்க எனக்குத் தெரியவில்லை.

நைனா வந்தார். வெறும் கதவைப் பார்த்தார். யார் என்று கேட்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டால் கதவை ஒரு தடவை துடைத்துவிட்டு, ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் நான் போனபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது! சாப்பிடக்கூட நைனா இறங்கவில்லை. கேரியரை வாங்கிக்கொண்ட தாய்மாமா, முள் நடுவிலேயே நிற்கிறது என்று என் காதில் சொல்லித் தலையைத் தடவினார். காண்டிராக்டர் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! வண்டியைக் காப்பாற்றியது நான், வீட்டையே காப்பாற்றியது நான்.

சாயங்காலம், தொடாத கேரியரோடு வந்து நைனா சுவரோரம் படுத்துவிட்டார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, நான்தான் அவுத்தேன். அது காத்த அடைச்சிகினு இருந்துச்சாம். உனுக்குத் தெரில, அதான்."

"பதினஞ்சு வருசமா வண்டி ஓட்றேன் கண்ணு. அது எனுக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுக் கையால் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது அதுவரை நான் பார்த்ததே இல்லை, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட. பயந்துபோய்ப் பையிலிருந்து பிளெக்ஸை எடுத்து நீட்டினேன். அவர் கை பிளெக்ஸ் வரை வந்து நின்றுவிட்டது.

"இங்க வேணாம். உங்கம்மா வந்துடும்."

கால்வாய் வேலை முடிந்தது, காண்டிராக்டர் அடுத்த வேலையும் கொடுத்தார். ஆனால் நைனா அந்த வண்டியில் அப்புறம் ஏறவில்லை, தாய்மாமாதான் ஓட்டினார். தெரிந்தே ஒரு மனுஷன் தன் வண்டியைக் கொதிக்க விடுவானா என்று பல வருஷம் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான்.

ஓட்டுகிறவருக்கு அந்த முகம் முதுகுக்குப் பின்னால். வண்டி கொதித்தால்தான் அவர் இறங்கலாம், அரை மணி நேரம் அதற்கு எதிரே உட்காரலாம், ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். பத்து வயதில் இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வண்டியைச் சரிசெய்த அன்றைக்கு, காலையிலிருந்து சாயங்காலம் வரை, அவர் இறங்க ஒரு காரணமும் இருக்கவில்லை.