விரத வீட்டில் முத்துவுக்குக் கோழி

பூனைச் சாப்பாடு விற்கிறவளுக்கு ஒவ்வொரு வியாபாரத்திலும் வாடிக்கையாளர் இரண்டு பேர்: பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஒருவர், அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் மற்றவர். மானிப்பாயில் கடை போட்ட நாளிலிருந்து முதலாமவரோடு எனக்குப் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. இரண்டாமவரிடம் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு "ஒரு வாய், ஒரேயொரு வாய்" என்று கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தவர்களே, உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் போன அந்த வருடம் என் கடைத் தட்டுகளும் வெறுமையாகின. ஊர்ப் பூனைகள் கவலைப்படவில்லை. மீன்தலை, எலி, பக்கத்து வீட்டுப் பால் என்று அவை தங்கள் பாட்டில் வாழ்ந்தன. குட்டியிலிருந்தே பையில் வரும் உலர்ந்த உருண்டைத் தீனியைக் கடித்து வளர்ந்த பாரசீகப் பூனைகள்தான் மாட்டிக்கொண்டன. இறைச்சி என்பது தின்கிற சாமான் என்றே அவற்றுக்குத் தெரியாது. அவற்றை உருண்டையிலிருந்து பச்சை இறைச்சிக்கு மாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடை போடுமுன் ஏழு வருடம் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக நின்றவள் என்பதால், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிரும் இருந்தது.

முதல் தோல்வி

திமிர் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற வங்கி ஊழியர் ஒருவரிடம், "இறைச்சியை வையுங்கோ, வேறை ஒண்டும் குடுக்காதேங்கோ, பசி வந்தால் தின்னும்" என்று அடித்துச் சொன்னேன். அவருடைய பூனை மூன்று நாள் எதையும் தொடவில்லை. நாலாம் நாள் காதின் உட்புறம் மஞ்சளாகிவிட்டது. கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகும். ஏழு வருடம் பார்த்துக்கொண்டு நின்றும் அதை மறந்திருக்கிறேன் பாருங்கள்.

என் பழைய வைத்தியரிடமே தூக்கிக்கொண்டு ஓடினோம். சேலைன் ஏற்றி, குழாயால் ஊட்டி, பத்து நாளில் பூனையைக் காப்பாற்றித் தந்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் கையைக் கழுவியபடி சொன்னார்: "பூனைக்கு உன்னைவிட ரோசம் கூடப் பிள்ளை. அதோடை பட்டினிப் போட்டி வைச்சால், அது செத்தெண்டாலும் வெல்லும்."

சண்டிலிப்பாயிலிருந்து வந்த கூடை

அடுத்த மாதம் ஒரு காலை, சைக்கிள் கரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு தம்பிராசா அண்ணை வந்து இறங்கினார். சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிறவர். கூடைக்குள் வெள்ளைப் பூனை ஒன்று, பெயர் முத்து. அண்ணையின் ஒரே மகள் கவிதா வளர்த்தது. அவள் கலியாணமாகிக் கனடா போனபோது, பூனையைத் தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் வீடியோவில் வருவாளாம். தகப்பனைச் சுகம் கேட்பதற்கு முன் "முத்து எங்கை?" என்றுதான் கேட்பாளாம். இப்போது வீட்டில் உருண்டை முடிகிறது. "உவனுக்கு ஏதும் நடந்தால் அவளின்ரை முகத்திலை நான் எப்படி முழிக்கிறது?" என்றார் அண்ணை.

ஆபத்துக்கு உதவும் என்று மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த கடைசிப் பையை எடுத்துக் கொடுத்தேன். அளவாகப் போட்டால் ஐந்து கிழமைக்கு வரும். நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் கொடி ஏறுவதற்கும் சரியாக ஐந்து கிழமைதான் இருந்தது. கொடி ஏறிவிட்டால் இருபத்தைந்து நாள் விரதமும் முடியும்வரை வீட்டுப் படலைக்குள் இறைச்சி வரக்கூடாது என்று மனைவி பரமேஸ்வரி அக்கா இப்போதே சொல்லிவிட்டாராம். முதலில் முத்து தின்னப் பழகட்டும், அக்காவைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். உருண்டையை இடித்துத் தூளாக்குங்கள், அதோடு நகக்கண்ணளவு இறைச்சி சேருங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள், ஒருநாளும் பட்டினி போடாதீர்கள், கிழமைக்கு ஒருக்கால் கொண்டுவந்து நிறுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அண்ணை கேட்டார்: "எங்கடை வீட்டிலை முட்டைகூட அவிக்கிறேல்லைத் தங்கச்சி. உவனுக்கு நான் கோழியை எங்கை வைச்சு வெட்டிறது?"

ஏழு தண்ணீர்

இரண்டு கிழமை கழித்து நிறுத்தால், முத்து முந்நூறு கிராம் குறைந்திருந்தான். எனக்கு வங்கி ஊழியரின் பூனைக் காது கண்ணுக்குள் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, ஸ்கூட்டரில் அண்ணைக்குப் பின்னாலேயே போனேன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலின் ஒரு மூலையில் புதுப் பலகை, புதுக் கத்தி, தனிச் சட்டி எல்லாம் ஒழுங்காக இருந்தன. சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இறைச்சி மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது.

அண்ணை வெட்ட, அக்கா பத்தடி தள்ளி நின்று கட்டளை போட்டிருக்கிறார். மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, பழப்புளி விட்டு, ஏழு தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். கோழி வாசம் மருந்துக்கும் இல்லை. முத்து அதை மோந்துவிட்டு, மண் போட்டு மூடுகிறவன்போல முன்காலால் தரையைச் சுரண்டினான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அக்கா, மணம் போனால் பூனைக்கு அது சாப்பாடே இல்லை. காலமை வெட்டின கோழியை வாங்கி உடனை ஐஸிலை வையுங்கோ. தனிக் கத்தி, தனிப் பலகை வேணும். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. அரை மணித்தியாலத்திலை தின்னாட்டி எறியுங்கோ. அவ்வளவும் காணும்" என்று பொரிந்து தள்ளினேன். அக்கா அசையவில்லை. "கழுவாமல் குடுக்கிறதுக்கு நாங்கள் என்ன நரியே வளர்க்கிறம்?"

கரவெட்டியிலிருந்து ஓர் அழைப்பு

இதற்கிடையில் விசயம் வெளியே பரவிவிட்டது. கரவெட்டியிலிருந்து முகம் தெரியாத ஒருவர் அழைத்து, தன் பூனைக்கும் இறைச்சி பழக்குவதாகவும், மத்தியானக் கறியில் மிஞ்சிய கோழி எலும்பைத்தான் கொடுப்பதாகவும் பெருமையாகச் சொன்னார். கத்தியே விட்டேன். பச்சை எலும்பு வளைந்து நொறுங்கும், அவித்த எலும்பு ஊசி மாதிரிப் பிளந்து குடலைக் குத்தும், அதிலும் கறித்தூள் வேறு என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையிலை நான் எலும்பு கடிக்கிறதையும் விடவேணுமோ?"

கொட்டிலில் நடந்தது

கொடிக்குப் பத்து நாள் இருக்கும்போது பையில் தூள்தான் மிச்சம். முத்து மேலே தூவிய தூளை மட்டும் நக்கிவிட்டு, இறைச்சியை அப்படியே விட்டுவிடுவான். மறுபடியும் போனேன். இந்த முறை நானே தொடையிறைச்சியைக் கொத்தி, நுனியளவு ஈரல் சேர்த்து, கிண்ணத்தை இளஞ்சுடுதண்ணீரில் வைத்தேன். குளிர்ந்த இறைச்சி பூனைக்கு மணக்காது. விரலில் கொஞ்சம் எடுத்து முத்துவின் கடைவாயில் தடவினேன். தலையை உதறினான். என் குடும்பத்தையே திட்டுவதுபோல ஒரு பார்வை பார்த்தான். பிறகு வாயை நக்கினான். இன்னொருக்கால் நக்கினான். கிண்ணத்தைத் தேடிப் போனான்.

அவன் தின்னத் தின்ன, கிண்ணம் சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. அவனும் பின்னாலேயே போனான். அண்ணை மகளை வீடியோவில் அழைத்து, போனை என்னிடம் தந்துவிட்டார். நான் பூனையைப் படம்பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், திடீரென்று கிண்ணம் ஓடாமல் நின்றது. அதுவரை பத்தடி தள்ளி நின்ற பரமேஸ்வரி அக்கா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்து, மற்றக் கையால் இறைச்சிக் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை என் கலியாண நாளில்கூட நான் கண்டதில்லை. போனுக்குள்ளிருந்து கவிதா என்னைப் பார்த்துக் கத்தினாள்: "அக்கா, பூனையை விடுங்கோ, அம்மாவைக் காட்டுங்கோ!"

கொடியேறிய காலை

அதற்குப் பிறகு முத்து ஒரு கிண்ணமும் மிச்சம் வைக்கவில்லை. தூளும் முடிந்தது, தேவையும் முடிந்தது. ஆனால் நல்லூர்க் கொடி நெருங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைப் பிடித்தது ஒரு நாள் கதை, இருபத்தைந்து நாள் விரதம் வேறு கதை. யாரையும் கேட்காமல், நாளுக்கு ஒன்றாக இருபத்தைந்து சின்னப் பை கட்டி, கடை ஃபிரிட்ஜில் உறைய வைத்துவிட்டு, தினமும் ஒன்றை வந்து எடுக்கும்படி அண்ணைக்குச் சொன்னேன். என் வீட்டிலும் விரதம்தான். கடை ஃபிரிட்ஜுக்கு விரதம் இல்லை.

கொடியேறிய அன்று அண்ணை வரவில்லை. பத்து மணியானது, பதினொரு மணியும் தாண்டியது. உருண்டையும் இல்லாமல் இறைச்சியும் இல்லாமல் முத்து நாலு நாள் தாங்குவானா என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது பஸ்ஸிலிருந்து பரமேஸ்வரி அக்கா இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, காதில் கோயில் பூ. நேரே நல்லூரிலிருந்து வருகிறார். இனி நிற்பாட்டுவோம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த நியாயமெல்லாவற்றையும் வாய்க்குள் அடுக்கிக்கொண்டேன். அவர் கூடைக்குள்ளிருந்து மூடி போட்ட புது வாளி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன பாக்கிறாய்? இண்டையான் பையைப் போடு" என்றார். அக்கா குரலைத் தாழ்த்தினார்: "கோயிலிலை வடிவாய்ப் பாத்திட்டுத்தான் வாறன் பிள்ளை. முருகனைச் சுமக்கிற மயில் பாம்பைப் பச்சையாய்த் தின்னிறதுதானே? அதைத் தனக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறவர், உவனை என்ரை கொட்டிலுக்கை வைச்சிருக்க விடமாட்டாரோ?"

அந்த இருபத்தைந்து நாளும் அக்காவுக்குச் சோறும் கீரையும், அண்ணைக்குச் சோறும் பருப்பும், எனக்குச் சோறும் ரசமும் என்று போக, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நானூறு கிராம் கூடியவன் முத்து ஒருவன்தான்.