எல்லாவற்றுக்கும் ஐந்து

செய்தி எங்கள் ஆய்வுத் திட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேலே அடுத்த வாரக் களப்பணிப் பட்டியல். கீழே, சரஸ்வதி அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டார். மூன்று பேர் பழக்கத்தில் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள்.

அவரை அறியாதவர்களுக்காக: மனநிம்மதி உள்ளவர்களுக்கு உடல்நோய் குறைவா என்று, ஒரே மனிதர்களிடம் வருடாவருடம் கேட்டுவரும் ஆய்வு இது. தொண்டாமுத்தூர் முதல் தாராபுரம் வரை வீடு வீடாகப் போய்க் கேட்டவர் அக்கா. ரத்த அழுத்தத்தைக் கருவி சொல்லும். நிம்மதிக்கு அவர்களே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் சொல்ல வேண்டும்.

எல்லோரும் ஐந்துதான் சொல்வார்கள். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது இங்கே மரியாதை இல்லை. வெள்ளகோவிலில் ஒரு பெண், கண் வீங்கியிருக்க, "நல்லாருக்கறனுங்க" என்று காபியை நீட்டினார். அக்கா ஐந்து போட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: அழுதிருக்கிறார்.

கணினியில் ஏற்றும் வேலை எனது. ஓரக்குறிப்புக்குக் கட்டம் இல்லை என்றேன்.

"அப்பக் கட்டத்துல இருக்கறது ஆரு கண்ணு?"

குறிப்புகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஏற்றினேன். என் கட்டுரை அந்த எண்களால் ஆனது.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், பயிற்சிக்காக நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். கடைசி முறை அக்காவை நான் கேட்டேன். ரத்த அழுத்தம் மிக அதிகம். ஸ்கூட்டரில் வந்த களைப்பு என்றார். நிம்மதி?

"அஞ்சு போட்டுக்க கண்ணு. எனக்கென்ன கொறை."

போட்டேன். பயிற்சிப் படிவம்தானே என்று கிழித்தும் போட்டேன்.

அவர் ஒரு வருடமாகத் தனியாக வாழ்ந்தார் என்பது சாவு வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. திட்டத் தலைவர், எப்போதும் மகிழ்ச்சியாக இருந்தவர் என்று பேசினார். தலையாட்டினோம்.

வெள்ளகோவில் பெண் பேருந்தில் வந்திருந்தார். அக்கா கேள்வியெல்லாம் முடித்து, படிவத்தை மூடி, செருப்பு மாட்டும்போது ஒன்று கேட்பாராம்: "நேத்து ஆரு கூட உக்காந்து சாப்பிட்டீங்க?" தான் வாய் திறந்தது அதற்குத்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அவுங்கள ஆராச்சும் கேட்டீங்களா?"

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வி. கேட்டிருக்க வேண்டியவள் நான். அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது.