வளையத்தைத் துடைத்தவள்

சலவைக்கடையில் கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மை, எண்ணெய், துரு எதுவானாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை முறைப்பாள். பாதிக் கறை அந்த முறைப்புக்கே ஓடிவிடும் என்று கஞ்சி போடுகிறவன் கேலி பேசுவான். அப்பேர்ப்பட்ட கைதான் அந்தக் காரியத்தைச் செய்துவைத்தது.

கணவர் விட்டுப்போனது ஒரு டெலஸ்கோப். இருந்தவரை அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். "கண்ணை மட்டும் வை, கையை வைக்காதே" என்பார். அதில் அவள் ஆசையாகப் பார்த்தது சனிக்கிரகம் ஒன்றைத்தான்: வளையத்தோடு, அகலத் தொப்பி போட்ட குட்டிப் பந்து. அவர் போன பிறகு பீரோவுக்குப் பின்னால் போர்வை சுற்றிக் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன், "லீவுக்கு வந்து அப்பா டெலஸ்கோப்பை எடுத்துட்டுப் போறேன்" என்ற பிறகே வெளியே வந்தது. அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று அவன் சொல்லி நெடுநாளாயிற்று. எதையோ எடுக்க வருகிறான், வரட்டும்.

கண்ணாடியில் ஒரு மங்கல். விடுவாளா? காலர் அழுக்குக்குப் போடும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாள். இருட்டியதும் மொட்டைமாடியில் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கண் சிமிட்டாமல் எரிந்த அந்தப் புள்ளியைப் பிடித்தாள். பந்து இருந்தது. தொப்பியைக் காணோம்.

டெலஸ்கோப் குழாயைத் திருப்பினால் எதிர்க் கட்டடத்து ஆன்டெனா பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் வளையத்தை மட்டும் எடுத்துவிட்டோமா? துணி கெடாமல் கறையை மட்டும் எடுக்கிற கையாயிற்றே!

மறுநாள் கடையில் சொன்னபோது கஞ்சி போடுகிறவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊரே சனி எப்ப விடும்னு தவம் கெடக்கு. நீங்க காணோம்னு அழறீங்களேக்கா!"

"சிரிக்காதடா. அது கெட்டுப்போச்சுன்னா அவன் எதுக்கு வரப்போறான்?"

அவன் சிரிப்பு நின்றது. "மூச்சு விடாதீங்க. வந்து இறங்கட்டும், பாத்துக்கலாம்."

அப்படித்தான் நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் மகன் குரல் கேட்டதும் வாய் உளறிவிட்டது.

"டேய், நான் வளையத்தைத் தொடச்சிட்டேன்டா."

"எதை?"

சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு. அப்படியே அவன் அப்பா சிரிப்பு. "ம்மா, அது தொடச்சாப் போறதா? இப்ப விளிம்பைக் காட்டிட்டு நிக்குது. தட்டைக் கண்ணு மட்டத்துக்குப் பிடிச்சா என்ன தெரியும்? கோடுதானே. அதுவும் நம்ம டெலஸ்கோப்புக்கு எட்டாது. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்."

போன உயிர் வந்தது. வந்தது உட்காருவதற்குள் அவனே தொடர்ந்தான்: "நானே சொல்லணும்னு இருந்தேன். இந்த வருஷம் லீவு கஷ்டம்மா. வந்தாலும் மொட்டைப் பந்தைத்தானே பாக்கணும்? விரியட்டும், வரேன்."

"எப்ப விரியும்?"

"முழுசாவா? ஏழு, ஏழரை வருஷம் ஆகும்."

ஏழரை! வேறு எந்தக் கணக்கில் வரும் அது? "சரி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு வேலை விட்டு வந்ததும் மாடி ஏறுவது வழக்கமாயிற்று. நடுவில் சில மாதம் அது சூரியன் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறவள்போல அப்போதும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அடுத்த வருஷம் ஒரு மாலை, பந்தின் இரு பக்கமும் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஊசியில் கோத்த மணி மாதிரி. "இங்க பாருங்களேன்" என்று அவரிடம் சொல்லத் திரும்பினாள். கொடியில் அவள் புடவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"எப்படிம்மா இருக்கே?"

"விரிஞ்சிடுச்சுடா. தொப்பி மாதிரி, அகலமா."

"அதுக்குள்ளயா? இருக்காதே."

"உனக்கென்ன தெரியும்? தினம் பாக்கறது நானா, நீயா? நம்பலைன்னா வந்து பாரு."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரையில் பேசும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.