வலது பக்கம் மட்டும் திரும்பிய டாக்டர்

உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்தத் தெருக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். சைக்கிளுக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் வருவார்கள். டாக்டர் என்பது சைக்கிள் கடைக்காரரின் பட்டப்பெயர். ஐம்பதைத் தாண்டியவர். முன்வழுக்கை, கொஞ்சம் தொப்பை, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றிவிட்டுச் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்பா நடத்திய கடை என்பதால், நடக்கப் பழகும்போதே பஞ்சர் ஒட்டவும் பழகியவர் என்று தெருவில் பேச்சு.

அப்பேர்ப்பட்ட டாக்டருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சின்ன வயதில் ஒரே ஒரு தடவை ஏறினார். நேராகச் சாக்கடையில் போய் இறங்கினார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். வயது ஏற ஏற, கற்றுக்கொடு என்று வாய்விட்டுக் கேட்கும் தைரியம் இறங்கிக்கொண்டே வந்தது. யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. மீன் பிடிப்பவரிடம் போய் நீந்தத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்?

ரிப்பேர் முடிந்ததும் வண்டியைக் கஸ்டமரிடமே நீட்டிவிடுவார். "நான் ஓட்டிப் பார்த்து நல்லாயிருக்குன்னு சொன்னா அது என் வாய் வார்த்தை. நீங்களே ஓட்டிப் பாருங்க, அப்பத்தான் உங்களுக்குத் திருப்தி" என்பார். என்ன ஒரு நேர்மை என்று ஊரே மெச்சியது. வண்டியை எங்கேயாவது கொண்டுபோக வேண்டியிருந்தால் தள்ளிக்கொண்டே போவார். அடுத்தவர் வண்டியில் உட்காராத மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு. இப்படிப் பாராட்டிப் பாராட்டியே அவரைத் தப்பிக்க முடியாமல் செய்துவிட்டார்கள்.

அவருடைய மனைவி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

"ஏங்க, கடை நிறைய சைக்கிளா நிக்குது. எனக்கு ஒண்ணு சரிபண்ணிக் குடுங்க. ஓட்டவும் நீங்களே கத்துக் குடுத்துருங்க."

டாக்டர் உடனே ஸ்பேனரை எடுத்தார். வண்டியைப் பளபளவென்று தயார் செய்தார், ஹேண்டில்பாரில் கூடைகூட மாட்டினார். கற்றுக்கொடுப்பதைத்தான் எப்படித் தட்டிக்கழிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு அவளைக் கூட்டிப் போய், கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "தரையைப் பார்க்காத! தூரமாப் பாரு! பயந்தா வண்டிக்குத் தெரிஞ்சிரும்!" என்று இத்தனை வருஷம் கஸ்டமர்கள் பேசக் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். "அவரை மாதிரி வாத்தியார் கிடைக்கணுமே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வேறு வைத்தாள்.

அதோடு விட்டாளா? "ஞாயித்துக்கிழமை ஆத்தோரமா ரெண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிள்ல போயிட்டு வரலாமா?" என்றாள். ஒரு வாரம் அவருக்கு முழங்கால் வலித்தது. அடுத்த வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த வாரம் என்ன வலி என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அவளே தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பாலத்துமேல் விழுந்துவிட்டாளாம். டாக்டர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நல்லவேளை, பெரிய அடி இல்லை. மணிக்கட்டு பிசகியிருந்தது, செயின் கழன்றிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் செயினை மாட்டினார். தூறல் ஆரம்பித்தது.

"என்னால ஹேண்டிலப் பிடிக்க முடியாது. நீங்க மிதிங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன்" என்றாள் மனைவி.

டாக்டர் நின்றார். ஆற்றைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். முழங்கால், முதுகு எதுவும் அந்த நேரத்துக்கு உதவிக்கு வரவில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"என்னது?"

"சைக்கிள். ஓட்டத் தெரியாது."

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு அடிபட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, பாலத்துச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. "ஐயோ, கை வலிக்குது, சிரிப்புக் காட்டாதீங்க" என்றாள். அவர் ஒன்றும் காட்டவில்லை, பாவம், உர்ரென்று நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு எப்படிங்க கத்துக் குடுத்தீங்க?"

"அது தெரியலம்மா. நீ ஓட்டினதும் எனக்கே அதிர்ச்சிதான்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் நனைந்தபடி வீடு வந்தார்கள். வாசலில் அவள் சொன்னாள்: "கை சரியாகட்டும். இனி நான்தான் வாத்தியார்."

சொன்னபடியே செய்தாள். ஆனால் முதல்நாள் மைதானத்தில் டாக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததுமே கால் வெடவெடவென்று ஆடியது. வண்டியும் சேர்ந்து ஆடியது. "இன்னிக்கு உக்காந்ததே போதும்" என்று இறங்கிவிட்டார். "சரி, போதும்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலை அவருக்குள் இருந்த மெக்கானிக் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு பெடலையும் கழற்றினார், சீட்டைத் தாழ இறக்கினார். உட்கார்ந்தபடியே தரையைக் காலால் உந்தி உந்திப் போனார். விழ வேண்டிய அவசியமே இல்லை. பார்க்கத்தான் ஏதோ பெரிய வாத்து நடைபழகுவதுபோல் இருந்தது.

அந்தக் கோலத்தில் அவரை முடிதிருத்தும் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன டாக்டரே, பெடலக் காணோம்?"

"புது மாடல்... டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார் டாக்டர்.

முடிதிருத்தும் கடையில் சொன்ன செய்தி ஊர் முழுக்கப் போக எவ்வளவு நேரமாகும்? மாலைக்குள் உடற்பயிற்சிக் கூடத்துப் பயில்வான் ஒருவர் கடைவாசலில் வந்து நின்றார். "அண்ணே, எனக்கும் பெடலக் கழட்டிக் குடுங்க. தொடைக்கு அவ்வளவு நல்லதாமே!" அவர் பின்னாலேயே பாங்க் மேனேஜர் மூட்டுவலிக்காக வந்தார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "தொழில் ரகசியத்த மறைக்கிறீங்க" என்று கோபித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தார். பெடல் இல்லாத சைக்கிளை உந்திக்கொண்டு மேனேஜர் பாங்குக்குப் போன காட்சியை டாக்டரின் மனைவி கம்பெனியில் சொல்ல, தையல் மிஷின்கள் கொஞ்ச நேரம் நின்றேபோயின.

இதற்கிடையில் டாக்டர் முன்னேறினார். உந்திவிட்டுக் காலைத் தூக்கினால் வண்டி கொஞ்சதூரம் தானே போனது. பிறகு ஒரு பெடல் மாட்டினார். பிறகு இன்னொன்று. ஒருநாள் மனைவி கையை எடுத்துவிட்டது தெரியாமல் மைதானத்தின் மறுகோடிவரை மிதித்துப் போய்விட்டார். திரும்பிப் பார்த்து அவள் தூரத்தில் நிற்பதைக் கண்டதும் தொப்பென்று விழுந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

ஒரே ஒரு சிக்கல். வலது பக்கம் திரும்ப வந்தது, இடது பக்கம் வரவில்லை. இடப்பக்கம் ஒடித்தால் அந்தப் பழைய சாக்கடை கண்முன் வந்துவிடும். அதனால் வலது பக்கத் திருப்பங்களாகவே பார்த்து, ஊரைச் சுற்றிக் கடைக்குப் போனார். நடந்து போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

இப்படி ஒருநாள் முன்னால் அவரும் பின்னால் மனைவியும் போய்க்கொண்டிருந்தபோது, தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். எல்லா வண்டியையும் பெரிய ரவுண்டானா பக்கம் திருப்பிவிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக டாக்டரும் உள்ளே போய்விட்டார். ரவுண்டானாவைச் சுற்றுவதற்கு வலது பக்கம் வளைந்தால் போதும், அது அவருக்குக் கைவந்த கலை. வெளியே வரத்தான் இடது பக்கம் திரும்ப வேண்டும்.

சுற்றினார். மறுபடி சுற்றினார். போக்குவரத்துப் போலீஸ்காரம்மா முதலில் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயா, எங்க போகணும்?"

"கடைக்கு!" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார் டாக்டர்.

அடுத்த சுற்றில், "எந்தக் கடைக்கு?"

"சைக்கிள் கடைக்கு!"

ஓரத்தில் ஒவ்வொருவராக ஆட்கள் கூடினார்கள். முடிதிருத்துபவர் இருந்தார். பயில்வான் இருந்தார். மேனேஜர்கூட வந்துவிட்டார். மனைவி டாக்டரோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே கத்தினாள்:

"இடது பக்கம் ஒடிங்க!"

"விழுந்துருவேன்!"

"விழுந்தா என்ன? எழுந்துக்கலாம்! ஒடிங்கங்கறேன்ல!"

"இவ்வளவு பேரு பாக்கறாங்கம்மா!"

"அவங்க பாக்கறதுக்காகச் சாயந்தரம்வரைக்கும் சுத்துவீங்களா?"

டாக்டர் பல்லைக் கடித்தார். போலீஸ்காரம்மா கையை நீட்டி மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்தினார். ஹேண்டில்பார் இடதுபக்கம் திரும்பியது, வண்டி தள்ளாடியது, டாக்டரின் முழங்கை ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் போனது. ஆனால் விழவில்லை. ரவுண்டானாவை விட்டு வெளியே வந்தார். வந்தவர் அதே வேகத்தில் பிரேக் பிடிக்க மறந்து பூக்கடைத் தட்டியில் மோதித்தான் நின்றார்.

முடிதிருத்துபவர் ஓடிவந்து தூக்கினார். "டாக்டரே, உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியாதுதான்" என்றார் டாக்டர், தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டபடி. "இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தெரியுது."

ஊர் ஒரு வாரம் சிரித்தது. பிறகு ஒரு மாலையில் காய்கறிக்காரம்மா கடைக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஆசைதாண்ணே, இந்த வயசுல யாருகிட்ட கேக்கறதுன்னுதான்..." என்று இழுத்தாள். அப்புறம் பாங்க் வாசல் காவலாளி வந்தார். இப்போது காலை வேளைகளில் அந்த மைதானத்தில் நரைத்த வாத்துகள் சில உந்தி உந்திப் போகின்றன. டாக்டர் நடுவில் நின்று, "இன்னிக்கு உக்காந்தா போதும், இன்னிக்கு உக்காந்தா போதும்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் ஆற்றோரம் போகிறார்கள். மிதித்துக்கொண்டே பேச அவருக்கு இன்னும் வரவில்லை. பேசினால் வண்டி கோணிக்கொள்கிறது. அது தெரிந்த அவர் மனைவி, வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த குறைகளையெல்லாம் போகும் வழியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். அவர் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தபடி, "ம்... ம்..." என்று மட்டும் சொல்கிறார்.